நூற்றில் நாற்பத்தொன்று

கோவில்பதாகை
ஆடி மாதம், ஞாயிற்றுக்கிழமை

கண்ணு,

பை ஒரிஜினல்தான். நீ கேட்ட கேள்விக்குப் பதில் அவ்வளவுதான். வேலை இருந்தால் இத்தோடு கடிதத்தை மடித்து வைத்துவிடு. மிச்சத்தை உனக்கு லீவு விடுகிற வெள்ளிக்கிழமை, சாப்பிட்டு முடித்த பிறகு படி. சாப்பாட்டுக்கு முன்னால் படிக்காதே. நீ துபாய்க்குப் போன நாள் முதல் நாம் எழுதிக்கொள்வதெல்லாம் ஒரு பக்கத்தைத் தாண்டியதில்லை. இது நீளும். எனக்கு வயசு ஐம்பதைத் தொடப் போகிறது. இன்னும் சில மாதத்தில் இரண்டாயிரம் பிறந்துவிடும் என்கிறார்கள். உனக்குத் தையில் கல்யாணம். இப்போது சொல்லாமல் விட்டால் அப்புறம் நம் வீட்டுக்கு ஒருத்தி வந்துவிடுவாள். அவளை வைத்துக்கொண்டு என்னால் இதைச் சொல்ல முடியாது.

உன் ரூமில் கூட இருக்கும் பையன் மூன்று வாரத்துக்கு முன்னால் வந்து பெட்டியைக் கொடுத்துவிட்டுப் போனான். பெட்டிக்குள் ஒரு துணி உறை, உறைக்குள் மெல்லிய காகிதம், அதற்குள் இன்னொரு காகிதம். வெங்காயம் உரிப்பதுபோல் உரித்துக்கொண்டே போனேன். உன் அப்பா பக்கத்தில் நின்றுகொண்டு, "பாத்துகினே இரு, கடைசில உள்ள ஒண்ணியும் இல்லாம பூடப்போது" என்றார். கூடவே உன் சீட்டும் இருந்தது. 'அம்மா, நீ பழைய கை. நெசமா, டூப்ளிகேட்டா பாத்துச் சொல்லு. லிமிடெட் எடிஷன்னு கடையில சொன்னாங்க. நிச்சயதார்த்தத்துல அவ கையில குடுக்கணும்.' பழைய கை என்று நீ எழுதியது எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது, பொய் சொல்லக்கூடாது. மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன்.

பை தைத்தவர்கள் நாங்கள், அதை வெளியே பார்க்க மாட்டோம். வெளிப்பக்கத்தை எவன் வேண்டுமானாலும் அழகாகச் செய்துவிடுவான். கைப்பிடி பையோடு சேரும் இடத்தில் உள்ளே விரலைவிட்டு நூல் முனை எங்கே முடிகிறது என்று தடவிப் பார்த்தேன். தோலின் ஓரத்தில் பூசிய வண்ணம் ஒரு தடவை பூசியதா, பூசித் தேய்த்து மறுபடி பூசியதா என்று நகத்தால் பார்த்தேன். மூலையில் தையலை எண்ணினேன். எல்லாம் சுத்தம். எந்த ஊர்ப் பெண்ணோ நல்ல கைக்காரி. அப்புறம் உள்பக்கத்து ஜிப்புக்கு மேலே ஒரு சின்னப் பித்தளைத் தகடு தெரிந்தது. அதில் ஒரு எண், ஒரு கோடு, கோட்டுக்குப் பிறகு இன்னொரு எண். பையை அப்படியே நழுவவிட்டேன். மெத்தைமேல் விழுந்ததால் தப்பித்தது. உன் அப்பா தகட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சட்டையை மாட்டிக்கொண்டு டீ குடிக்கப் போய்விட்டார்.

லிமிடெட் எடிஷன் என்றால் என்னவென்று சீட்டின் பின்பக்கம் எனக்கு வேறு விளக்கியிருந்தாய். நூறு பேருக்குத்தான் கிடைக்குமாம், அதனால்தான் அந்த விலையாம். அடப்பாவி, நூறு பேருக்குத்தான் கிடைக்கும் பொருளை நான் காலமெல்லாம் வாங்கியிருக்கிறேன். ரேஷன் கடை மண்ணெண்ணெய்க்குப் பேர் என்ன? விடியலிலேயே டின்னை வரிசையில் வைத்துவிட்டு வருவோம், நூறாவது ஆளோடு தீர்ந்துவிடும், நான் எப்போதும் நூற்றுப் பத்தாவது ஆள். நாம் இல்லாமையை வெட்கப்பட்டு முந்தானையில் மறைக்கிறோம். அவர்கள் வேண்டுமென்றே இல்லாமல் செய்து, அதைக் கண்ணாடிக்குள் விளக்குப் போட்டு விற்கிறார்கள். இதைக் கேட்டு நீ கோபித்துக்கொள்வாய். கோபித்துக்கொள். உன் சம்பாத்தியம், உன் ஆசை. அந்தப் பெண்ணுக்குப் பையைக் கொடு. அவள் தோளில் மாட்டிக்கொண்டு சிரித்தால் நானும் பார்த்துச் சந்தோஷப்படுவேன். ஆனால் 'கிடைக்காதது' என்பதாலேயே ஒன்று உசத்தி என்று மட்டும் எனக்கு எழுதாதே. அந்தக் கதையின் உள்பக்கத் தையலை நான் பார்த்திருக்கிறேன்.

நான் அம்பத்தூர் எஸ்டேட்டில் தோல் கம்பெனிக்குப் போனது உனக்குத் தெரியும். அங்கே பை தைக்கிறவர்கள் யாரும் பை கொண்டுபோகக் கூடாது. அது உனக்குத் தெரியாது. துணிப்பைகூடக் கூடாது. சோற்று டப்பாவை ஒயர் கூடையில்தான் எடுத்துப் போகவேண்டும், அதுவும் பெரிய கண் விட்டுப் பின்னிய கூடை, உள்ளே இருப்பது வெளியே தெரியவேண்டும். சாயங்காலம் கேட்டில் வாட்ச்மேன் கூடையைத் தூக்கிச் சுற்றிப் பார்ப்பார். சீமைக்குப் போகிற பையை நாளெல்லாம் தைத்துவிட்டு ஒயர் கூடையைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நிற்போம். செக்கிங்கில் தள்ளிய பைகளை மாசக் கடைசியில் எங்கள் கண்ணெதிரிலேயே குறுக்கே கத்தியால் கீறுவார்கள். ஒரு தையல் கோணியிருக்கும், அவ்வளவுதான் குறை. கீறாமல் எங்களுக்குக் கொடுக்கலாமே என்று ஒருத்தி கேட்டதற்கு, "ஆவடி மார்க்கெட்ல உன் தோள்ல இது தொங்கினா அப்புறம் அங்க எவ வாங்குவா?" என்று சூப்பர்வைசர் சிரித்தார். அவர் கெட்டவர் இல்லை, உள்ளதைச் சொன்னார். நம் தோளில் பட்டால் அதற்கு மானம் போய்விடும், அதுதான் விஷயம்.

ஆனாலும் அந்தப் பைகள் அழகு. சாப்பாட்டு நேரத்தில் பெண்கள் ஒவ்வொருத்தியாக முடிந்த பையைத் தோளில் மாட்டி, இரும்பு அலமாரிக் கதவின் பளபளப்பில் தங்களைப் பார்த்துக்கொள்வோம். ஆரோக்கியம் அக்கா மட்டும் மாட்ட மாட்டாள். "இத்த மாட்டிகினு நான் எங்க போவ? மீன் வாங்கவா?" என்பாள். ஆரோக்கியத்தை உனக்கு நினைவிருக்கும். நீ பெரிம்மா என்று கூப்பிடுவாய். கிறிஸ்துமஸுக்கு உனக்கென்று தனியாகக் கேக் எடுத்துவைத்து, எறும்பு ஏறாமல் தண்ணீர்த் தட்டில் வைத்திருந்து கொண்டுவருவாள். ஆவடியிலிருந்து தினமும் நாங்கள் ஒரே ரயிலில் போவோம். என்னைவிட நாலைந்து வயது மூத்தவள். எனக்கு மிஷின் சொல்லிக் கொடுத்தவளும் அவள்தான். கம்பெனியில் அவளுக்கு அடுத்த இருக்கை என்னுடையது.

தோலை ஒட்டுகிற பசைக்கு சொல்யூஷன் என்று பேர். ஓரத்தில் வழிந்து காய்ந்த பசையை விரலால் தேய்த்தால் ரப்பர்போல் உருண்டு வரும். அதை உருண்டையாக்கி வைத்துக்கொண்டு, அந்த உருண்டையாலேயே மற்ற இடத்துப் பசையை ஒற்றி ஒற்றி எடுப்போம். சாயங்காலம் அதைக் குப்பையில் போடவேண்டும். நான் போடமாட்டேன். உனக்குக் கொண்டுவருவேன். நீ முந்தைய நாள் பந்தோடு அதைச் சேர்த்து அழுத்தி, உருட்டி, பெரிதாக்குவாய். கோலிக்குண்டு அளவில் ஆரம்பித்தது, எலுமிச்சை ஆகி, சாத்துக்குடி ஆனது. தெருவில் எந்தப் பையனிடமும் அப்படி எகிறுகிற பந்து இல்லை. ரயில்வே கேட்வரை ஓடிவந்து, "இன்னிக்கி எவ்ளோம்மா?" என்று கேட்பாய். வாட்ச்மேனுக்கும் இது தெரியும். உருண்டையை அழுத்திப் பார்த்துவிட்டு, "புள்ளைக்கா, எட்துகினு போம்மா" என்பார்.

உனக்கு ஏழு வயது நடந்தபோது ஒரு ஆர்டர் வந்தது. நூறு பை. ஏதோ ஒரு கடைக்கு ஆண்டுவிழாவாம், நூற்றுக்கு மேல் ஒன்றுகூடச் செய்யக்கூடாதாம். நூறு தகடு அங்கிருந்தே வந்தது, ஒன்றிலிருந்து நூறுவரை எண் வெட்டி. தோல் நம்முடையது, உழைப்பு நம்முடையது, தகடு மட்டும் சீமையிலிருந்து. அதை ஆபீஸ் பெட்டியில் வைத்துப் பூட்டி, பத்துப் பத்தாக எடுத்துக் கொடுப்பார்கள். கை சுத்தமானவள் என்று ஆரோக்கியத்திடம்தான் கொடுத்தார்கள். அவள் தகட்டின் பின்னால் பசை தொட்டு ஒட்டித் தள்ளுவாள், நான் சுற்றிலும் வழிந்த பசையை ஒற்றி எடுப்பேன், அடுத்தவள் ஆணி அடிப்பாள். ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் எண்ணிப் பார்த்தபோது நாற்பத்தொன்றைக் காணோம்.

அன்றைக்கு எங்கள் டேபிளைச் சேர்ந்த பன்னிரண்டு பெண்களையும் நிறுத்திச் சோதித்தார்கள். ஆபீஸ் அம்மா வந்து புடவையை உதறச் சொன்னாள், கொண்டையை அவிழ்த்துக் குலுக்கச் சொன்னாள், சோற்று டப்பாவின் மூடியைத் தட்டிப் பார்த்தாள். வாட்ச்மேன் உன் பசை உருண்டையை வழக்கம்போல் அழுத்திப் பார்த்துவிட்டு என் கூடையிலேயே திரும்பப் போட்டார். சனிக்கிழமை எங்களைக் கேட்டுக்கு உள்ளே விடவில்லை. யாராவது ஒருத்தி ஒப்புக்கொள்ளும்வரை பன்னிரண்டு பேருக்கும் வேலை இல்லை என்று மேனேஜர் சொல்லி அனுப்பிவிட்டார். வெயிலில் நின்றோம். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றோம். என்றைக்கும் பங்கிட்டுத் தின்கிற பெண்கள் அன்றைக்கு அவரவர் டப்பாவை அவரவர் திறந்து தின்றோம்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் நீதான் ஓடிவந்தாய். "எம்மா, பந்துல இன்னாமோ பளபளன்னு கீதும்மா." எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தேன், கையெல்லாம் எண்ணெய். உன் அப்பா பந்தை வாங்கி, பிளேடால் கீறி, அந்தத் தகட்டை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். கட்டைவிரல் நகம் அளவுதான் இருக்கும். ஆணி அடிப்பதற்கு முன்னால் ஒற்றும்போது பசையோடு பசையாக என் உருண்டையில் ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறது. திருடியதும் இல்லை, தொலைத்ததும் இல்லை. என் பிள்ளைக்குப் பந்து கொண்டுவந்தேன், அவ்வளவுதான் நான் செய்த குற்றம். அந்த ஞாயிற்றுக்கிழமைவரை அவ்வளவுதான்.

உடனே அக்கா வீட்டுக்கு ஓடியிருக்கவேண்டும். பத்து நிமிஷ நடை. புடவைகூட மாற்றிக்கொண்டேன். உன் அப்பா வாசலில் நின்றுகொண்டு தடுத்தார். அவர் கம்பெனி அப்போது கதவடைத்து ஐந்தாவது மாதம், வீட்டில் என் சம்பளம் ஒன்றுதான். "நீ போயி குடுத்தா, மேனேஜரு கெடச்சிதேன்னு சந்தோசப்படுவான்னா நெனச்சே? நேத்து ஏன் குடுக்கலன்னுதான் கேப்பான். மாட்டிகினதும் எட்தாந்து குடுக்கறாப் பாருன்னுவான். ரெண்டு நாள்ல தானா அடங்கிடும். வாயத் தொறக்காத" என்றார். அவர்மேல் பழி போடுவதற்காக இதை எழுதவில்லை. அவர் சொன்னது எனக்கும் வசதியாக இருந்தது. அவர் தடுத்திராவிட்டால் நானே தெருமுனைவரை போய்த் திரும்பி வந்திருப்பேன் என்றுதான் இப்போது நினைக்கிறேன்.

திங்கட்கிழமை தகட்டை முந்தானையில் முடிந்துகொண்டு போனேன். கொடுத்துவிடுவது என்றுதான் போனேன், இதையாவது நம்பு. ரயிலில் அக்காவைக் காணவில்லை. கேட்டுக்குப் போனால், முந்தைய ரயிலிலேயே வந்து உள்ளே போயிருக்கிறாள் என்றார்கள். கொஞ்ச நேரத்தில் வெளியே வந்தாள், கையில் அவள் சோற்று டப்பா, ஸ்டூலின்மேல் போட்டு உட்காரும் சின்னத் திண்டு. எங்களைப் பார்த்துச் சிரித்தாள். "உள்ள போங்கமே, முட்ஞ்சிடிச்சி. நான்தான்னு எய்திக் குட்த்துட்டேன். ரெண்டு நாள் கூலியப் புடிச்சிகினு உட்டுடுவாங்க" என்றாள். பன்னிரண்டு பேர் வீட்டில் அடுப்பு எரியவேண்டும் என்று அவள் செய்தது அது. அப்படி விட்டுவிடுவார்கள் என்று நம்பித்தான் செய்தாள். கேட் திறந்தது. மற்றவர்கள் போனார்கள். முந்தானையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நானும் போனேன். என் மிஷினில் உட்கார்ந்தேன், சக்கரத்தைச் சுற்றினேன், தைத்தேன். பக்கத்து ஸ்டூல் காலியாக இருந்தது.

விடவில்லை. அவள் எழுதிக் கொடுத்த காகிதத்தைப் பிரதி எடுத்துக் கேட்டிலேயே ஒட்டினார்கள். எஸ்டேட்டில் இருந்த நாலைந்து தோல் கம்பெனியிலும் அவளை வாசலோடு திருப்பி அனுப்பினார்கள். இரண்டு வாரம் கழித்து ஒரு சாயங்காலம் நம் வீட்டுக்கு வந்தாள். "நீ எம் பக்கத்துலதானே குந்திகினு இருந்தே. எதுனா பாத்தியாமே? யோசிச்சி சொல்லு" என்று கேட்டாள். நான் யோசிப்பதுபோல் கொஞ்ச நேரம் இருந்துவிட்டு, "இல்லக்கா" என்றேன். நீ சுவரில் பந்தை அடித்துக்கொண்டிருந்தாய். அது எகிறி அவள்மேல் விழுந்தது. பிடித்து உன்னிடம் கொடுத்தாள். உன் அப்பா பிளேடால் கீறிய இடம் பிளந்துகொண்டு தெரிந்தது, அவள் கவனிக்கவில்லை. அடுத்த வாரம் நீ பந்தைக் காணோம் என்று அழுதாயே, அதை நான்தான் அடுப்பில் போட்டேன். ரப்பர் நாற்றம் இரண்டு நாள் போகவில்லை.

இன்னும் ஒன்று கேள். ஒரு மாதம் கழித்து சூப்பர்வைசர் வேறு ஏதோ பேச்சில் சொன்னார். பாரிமுனையில் எண் வெட்டுகிறவனிடம் அந்த நாற்பத்தொன்றை மறுபடி செய்து வாங்கிவிட்டார்களாம், அரை நாள் வேலையாம், அசலா நகலா என்று யாராலும் கண்டுபிடிக்க முடியவில்லையாம். நூறு பையும் சரியாகக் கப்பலேறிவிட்டதாம். சிரித்துக்கொண்டே சொன்னார். ஆரோக்கியம் கேட்டுக்கு வெளியே போன அதே வாரத்தில் நாற்பத்தொன்று திரும்ப வந்துவிட்டது. எந்த ஊரிலோ எவளோ ஒருத்தி அந்தப் பையை நூற்றில் ஒன்று, கிடைக்காதது என்று இன்றைக்கும் பீரோவில் வைத்திருப்பாள். தகடு கிடைக்கும் கண்ணு. எத்தனை வேண்டுமானாலும் அடித்துக்கொள்ளலாம். இதுதான் எனக்கு லிமிடெட் எடிஷன்மேல் உள்ள அபிப்பிராயம், நீ கேட்காவிட்டாலும்.

அந்தச் சின்னத் தகடு ஞாயிற்றுக்கிழமை காலையில் தொலைந்த பொருளாக இருந்தது. திங்கட்கிழமை சாயங்காலம் திருட்டுப் பொருளாகிவிட்டது. நான் ஒன்றும் செய்யவில்லை, கையில் வைத்திருந்தேன், தானாகவே மாறிவிட்டது. நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று நீ எதையாவது வைத்திருந்தால் இதை நினைத்துக்கொள். புத்திமதி சொல்லும் யோக்கியதை எனக்கு இல்லை, ஆனாலும் பெற்றவள் வாய் சும்மா இருக்காது.

மூன்று வருஷத்துக்கு முன்னால், பழைய டேபிள் பெண் ஒருத்தியை ரயிலில் பார்த்தேன். ஆரோக்கியம் ஐயப்பன்தாங்கலில் இருக்கிறாள், பஸ் டிப்போவுக்குப் பின்னால் மூன்றாவது தெரு என்றாள். வீட்டுக்கு வந்ததும் காலண்டர் தாளின் பின்னால் எழுதிவைத்தேன். மூன்று வருஷம் அது சமையலறை ஆணியிலேயே தொங்கியது. பொங்கல் போகட்டும், மழை விடட்டும், உன் விசா வரட்டும் என்று ஏதாவது ஒன்று இருந்துகொண்டே இருந்தது. நீ அனுப்பிய பையில் அதேபோல் ஒரு தகட்டைப் பார்த்த பிறகுதான் என்னால் வீட்டில் இருக்க முடியவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை, இத்தனை வருஷமாக ஒளித்துவைத்திருந்த நாற்பத்தொன்றைக் கர்ச்சீப்பில் சுற்றி எடுத்துக்கொண்டு பூந்தமல்லிக்குப் பஸ் ஏறி, அங்கே மாறி, ஐயப்பன்தாங்கலில் இறங்கினேன். உன் அப்பாவிடம் சொல்லவில்லை.

ஒரு அறை, ஒரு சமையல்கட்டு, மேலே சிமெண்ட் ஷீட். கதவு திறந்திருந்தது. "ஐயே, நீயா! இன்னாமே இப்டி நரைச்சிட்டே?" என்று கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டாள். உன்னைத்தான் முதலில் கேட்டாள். துபாய் என்றதும், "பந்து ஆடிகினு கெடந்த புள்ள" என்று சிரித்தாள். சிலுவைக்குக் கீழே அவள் வீட்டுக்காரர் அந்தோணியின் படம் மாலை போட்டு இருந்தது. மாசி மாதம் போய்விட்டார், இப்போது பெண்ணோடு இருக்கிறேன் என்றாள். நான் கர்ச்சீப்பைப் பிரித்து அவள் கையில் தகட்டை வைத்தேன். ஜன்னல் பக்கம் கொண்டுபோய்ப் பார்த்தாள். "இத்துனூண்டா? நான் பெருசா இருக்கும்னு நெனச்சிகினு இருந்தேன்" என்றாள்.

எல்லாவற்றையும் சொன்னேன். முடிந்ததும், "என்னிக்கி கெடச்சிது?" என்றாள். ஞாயிற்றுக்கிழமை என்றேன். "நான் கையெய்த்து போட்டது?" திங்கட்கிழமை என்றேன். விரலை மடக்கிப் பார்த்தாள். "அப்ப நான் டப்பாவ எட்துகினு வெளிய வரசொல்ல, உன் முந்தானில இருந்திச்சி."

"ஆமாக்கா."

"ம்" என்றாள். என்னைத் திட்டு அக்கா, அடி, என்று அழுதேன். "அட்ச்சி இன்னா?" என்று கேட்டாள். நிஜமாகவே தெரிந்துகொள்ள விரும்பியவள்போல் கேட்டாள்.

அப்புறம் அவளாகவே சொன்னாள். "அவரு என்னிய அடிக்கல, ஒரு வார்த்த கேக்கல. கம்பெனி கேட்டாண்ட போயி ஒட்டியிருந்த காயிதத்தப் பட்ச்சிட்டு வந்தாரு. மறாநா வேலைக்கிப் போவசொல்ல பீரோவப் பூட்டி சாவிய இடுப்பு அண்ணாக்கவுத்துல கட்டிகினு போனாரு. பதினேயு வருசம். நான் நாலு ஊட்ல வேல செய்றேன்மே. அவங்க ஊருக்குப் போனா சாவிய எங்கையிலதான் குட்த்துட்டுப் போவாங்க. எங்க ஊட்டு சாவிய நான் தொட்டதில்ல. பொணத்தக் குளிப்பாட்டசொல்லத்தான் கவுத்த அறுத்து எங்கையில குட்த்தாங்க." தகட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "ஆறு மாசம் முன்ன வந்திருந்தா அவராண்ட காட்டியிருப்பேன். இப்ப யாராண்ட போயி சொல்றது?"

உன் பெண்ணிடம் நான் சொல்கிறேன் அக்கா, இன்றைக்கே சொல்கிறேன் என்றேன். "வோணாம்" என்று கையைப் பிடித்தாள். "அவளுக்கு அப்பன்தான் எல்லாம். அப்பன் இத்தினி வருசம் தப்பாப் பூட்டிகினு இருந்தாருன்னா அவ யாராண்ட போயி சண்ட போடுவா? எங்கம்மா திருடின்னு தெரிஞ்சேதான் அவ எனுக்கு சோறு போட்றா. அது இருக்கட்டும். உம்புள்ளைக்கி வோணா சொல்லு, அவன் பந்துதானே." தகட்டை என் கர்ச்சீப்பிலேயே சுற்றித் திருப்பிக் கொடுத்துவிட்டாள். அதனால்தான் உனக்கு எழுதுகிறேன். வேறு யாரிடமும் சொல்ல எனக்கு இனிமேல் வழியில்லை. உண்மையைச் சொன்னால் பாரம் இறங்கும் என்கிறார்களே, எனக்கு இறங்கவில்லை. அவளுக்கு ஏறியது, அதைக் கண்ணால் பார்த்தேன்.

நான் எழுந்தேன். "காப்பி குடிக்காம போவக்கூடாது, குந்து, பாலு வாங்கியாறேன்" என்றாள். சொம்பை எடுத்தாள். வாசல்வரை போனவள் திரும்பி வந்தாள். பீரோவைப் பூட்டி, கைப்பிடியை இரண்டு தடவை இழுத்துப் பார்த்து, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, "தோ வந்துட்டேன்" என்று செருப்பை மாட்டிக்கொண்டு போனாள்.

கடை பக்கத்தில்தான் இருந்தது. அவள் திரும்பி வரும்வரை நான் இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு, அசையாமல் உட்கார்ந்திருந்தேன்.

உன்னைப் பெற்றவள்